வாஷிங்டன் பதவியை விட்டுப் போன கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டு முறை அதிபராக இருந்தார். மூன்றாவது முறை நிற்கிறேன் என்று சொல்லியிருந்தால் எதிர்த்து நின்று ஜெயிக்க ஆள் கிடையாது. அப்படியிருந்தும் 1796-இல் 'எனக்குப் போதும்' என்று நாட்டு மக்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதிவிட்டு ஊருக்குக் கிளம்பினார். விடைபெறும் உரை என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உரை நல்ல உரைதான், ஆனால் பதவியை விட்டு இறங்குகிற மனிதரைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு முன்னும் பின்னும் அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த உரையை அவர் எங்கே, யார் முன்னால் பேசினார்?

எங்கேயும் பேசவில்லை, பத்திரிகையில் அச்சானதோடு சரி. அப்போது தலைநகர் பிலடெல்பியா. அங்கே நாளிதழ் நடத்திக்கொண்டிருந்த டேவிட் கிளேபூலை வீட்டுக்கு வரவழைத்து, தனியாக உட்காரவைத்து, ஓய்வு பெறப்போவதைச் சொல்லி, எப்போது அச்சிட முடியும் என்று கேட்டிருக்கிறார். 1796 செப்டம்பர் 19, திங்கட்கிழமை இதழில் வந்தது. மெய்ப்பைத் தானே வாங்கிப் பார்த்து, காற்புள்ளி அரைப்புள்ளியைக்கூட விடாமல் திருத்தினார் என்று கிளேபூல் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். வேலை முடிந்து கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுக்கும்போது, இதைப் பிரிய மனம் வரவில்லை என்று கிளேபூல் சொல்ல, அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடமே கொடுத்துவிட்டார். அந்தப் பிரதி கைமாறிக் கைமாறி இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது.

இதழ் வெளியான அன்றே வாஷிங்டன் வர்ஜீனியாவில் இருக்கும் தன் மவுண்ட் வெர்னன் பண்ணைக்கு வண்டி ஏறிவிட்டார். பதவிக்காலம் முடிய இன்னும் ஐந்தரை மாதம் இருந்தது, அதனால் திரும்பி வந்தார் என்பது வேறு விஷயம். ஆனால் ஊரே அந்தச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்த நாளில் அவர் ஊரில் இல்லை. இதில் ஒரு கணக்கு இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உண்மையில் எழுதியது ஹாமில்டன்தானே?

வாக்கியங்களில் பெரும்பகுதி வாஷிங்டனின் முதல் நிதிச் செயலராக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டனுடையது, ஆம். கதை கொஞ்சம் நீளம். 1792-இலேயே, முதல் பதவிக்காலம் முடியும்போதே போய்விட நினைத்து, பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் மேடிசனிடம் ஒரு விடைபெறும் கடிதம் எழுதித் தரச் சொன்னார். மேடிசனும் எழுதிக் கொடுத்தார். போக முடியாமல் போனதால் அந்தத் தாள் பெட்டிக்குள் போனது. 1796 மே மாதம் அதையே வெளியே எடுத்து, அதோடு தான் சொல்ல நினைத்ததையும் சேர்த்து ஹாமில்டனுக்கு அனுப்பினார். இதற்குள் மேடிசனும் ஹாமில்டனும் எதிரெதிர் முகாம்களுக்குப் போயிருந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒருவர் எழுதிய வரைவை மற்றவர் திருத்துகிறார்.

ஹாமில்டன் புதிதாகவே ஒன்றை எழுதினார், பழையதைத் திருத்தியும் ஒன்று கொடுத்தார். வாஷிங்டன் புதியதை எடுத்துக்கொண்டு, சில இடங்களை வெட்டி, சில இடங்களில் சொல் மாற்றி, முழுவதையும் தன் கைப்படப் பிரதி எடுத்தார். கருத்து அவருடையது, கட்டுமானம் ஹாமில்டனுடையது. இதை மறைப்பதா சொல்வதா என்று பின்னால் பெரிய சண்டையே நடந்தது. ஹாமில்டன் 1804-இல் செத்த பிறகு அவர் மனைவி எலிசா, என் கணவர்தான் எழுதினார் என்று பல ஆண்டுகள் விடாமல் வாதாடினார். நம் ஊரில் இன்றைக்கும் எத்தனை தலைவர்களின் உரையை யார் யாரோ எழுதுகிறார்கள், அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம்.

1792-இல் ஏன் போகவில்லை?

விடவில்லை. ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத ஹாமில்டனும், அப்போது வெளியுறவுச் செயலராக இருந்து பின்னாளில் அதிபரான தாமஸ் ஜெபர்சனும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரலில், நீங்கள் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். பற்றிக்கொள்ள நீங்கள் இருக்கும்வரை வடக்கும் தெற்கும் பிரியாமல் இருக்கும் என்ற பொருளில் ஜெபர்சன் எழுதியிருக்கிறார். அவ்வளவு சொன்ன பிறகு எப்படிப் போவது?

அவருக்கு முதலில் இருந்தே இந்தப் பதவியில் பெரிய ஆசை இல்லை என்பதற்கு அவர் கடிதமே சாட்சி. 1789 ஏப்ரலில், பதவியேற்கப் போகும் முன், நண்பர் ஹென்றி நாக்ஸுக்கு எழுதும்போது, தூக்குமேடைக்குப் போகிற குற்றவாளியின் மனநிலையில் போகிறேன் என்கிறார். எட்டு வருஷம் கழித்து, 1797 மார்ச் 2 அன்று, அதே நாக்ஸுக்கு இன்னொரு கடிதம்: நடந்து களைத்த வழிப்போக்கன் ஒரு தங்குமிடத்தைக் கண்டு அதில் சாய உடம்பை வளைக்கிறானே, அவனைப் போல இருக்கிறேன் என்று. இந்த இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் நடுவில் இருந்த எட்டு வருஷமும் புரிந்துவிடும்.

யாரும் இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்கக் கூடாது என்று இந்த உரையில்தானே சொன்னார்?

இல்லை. உரையைத் தலைகீழாகப் புரட்டினாலும் அந்த வரி கிடைக்காது. அவருடைய கருத்து கிட்டத்தட்ட எதிர்மாறானது. 1788-இல், விடுதலைப் போரில் தன்னோடு நின்ற பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்துக்கு எழுதிய கடிதத்தில், நெருக்கடி நேரத்தில் நாட்டுக்குத் தேவைப்படும் ஒருவரை, ஏற்கெனவே இருந்தவர் என்பதற்காக மட்டும் ஒதுக்கிவைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். அவர் போனதற்குக் காரணம் வயது, களைப்பு, வசவு கேட்டுச் சலித்தது, அப்புறம் பதவியிலேயே செத்துப்போனால் அரச பரம்பரை போல ஒரு வழக்கம் உருவாகிவிடுமோ என்ற கவலையும் இருந்திருக்கலாம்.

அதை ஒரு கொள்கையாக ஆக்கியது ஜெபர்சன். 1807-இல், இரண்டாவது முறையோடு போய்விடுகிறேன் என்று எழுதியபோது, முன்னவர் காட்டிய வழி என்று இதைச் சொன்னார். அதற்குப் பிறகு மூன்றாவது முறைக்கு முயன்றவர்கள் உண்டு. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1940-இலும் 1944-இலும் ஜெயித்தே காட்டினார். அதற்குப் பிறகுதான் 1951-இல் 22-ஆவது திருத்தமாக அரசியல் சட்டத்தில் ஏறியது. ஆக, ஒரு மனிதர் களைத்துப்போய் வீட்டுக்குப் போனது, நூற்றைம்பது வருஷம் எழுதாத சட்டமாக நின்றது.

சரி, அப்படி என்னதான் சொல்கிறார் அதில்?

மூன்று பயங்கள். ஒன்று, வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு என்று ஊர்ப்பற்று தலைக்கேறி நாடு உடைந்துவிடும் என்ற பயம். இரண்டு, கட்சி வெறி. ஒரு கட்சி மற்றொன்றை மாறி மாறிப் பழிவாங்கும், அந்தச் சண்டையில் சலித்துப்போன மக்கள் கடைசியில் யாராவது ஒரு தனிமனிதனின் கையில் அத்தனை அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு நிம்மதி தேடுவார்கள், அவன் மற்றவர்களின் சுதந்திரத்தின் மேல் ஏறி நின்று தன்னை உயர்த்திக்கொள்வான் என்கிறார். இந்தப் பகுதியை இப்போது படித்தாலும் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது, அமெரிக்காவை மட்டும் நினைத்து நான் இதைச் சொல்லவில்லை. மூன்று, வெளிநாட்டுத் தலையீடு. ஒரு நாட்டின் மேல் கண்மூடித்தனமான பாசமும் இன்னொரு நாட்டின் மேல் தீராத பகையும் வைத்துக்கொள்கிற தேசம், அந்தப் பாசத்துக்கும் பகைக்கும் அடிமை என்கிறார்.

இது சும்மா எழுதியது இல்லை. பிரான்சும் பிரிட்டனும் போரில் இருந்தன, அமெரிக்காவில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். அந்த வருஷத் தேர்தலில் பிரெஞ்சுத் தூதர் பியர் அடே வெளிப்படையாகவே ஜெபர்சனுக்குச் சாதகமாக வேலை பார்த்தார். இவை போக அரசுக் கடனைக் கட்டுவது, கல்வி, மதமும் ஒழுக்கமும் என்று சில பத்திகள் உண்டு. அவற்றை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

எந்த நாட்டோடும் கூட்டணியே வேண்டாம் என்றாரா?

நிரந்தரக் கூட்டணி வேண்டாம் என்றார். அவசரத்துக்குத் தற்காலிகமாகச் சேரலாம் என்று அடுத்த பத்தியிலேயே சொல்லியிருக்கிறார், வணிகத்தையும் தாராளமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார். 'சிக்கவைக்கும் கூட்டணிகள்' என்று அவர் பெயரில் ஓடும் தொடர் ஜெபர்சனுடையது, 1801 பதவியேற்பு உரையில் வருவது. அதற்குப் பிறகு ஐரோப்பிய நாடுகளோடு நிரந்தரமாக ஒரு ராணுவக் கூட்டணியில் அமெரிக்கா சேர்ந்தது 1949-இல், நேட்டோவில்.

தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறார்?

கடைசிப் பத்திகள்தான் அது. தெரிந்து தப்புச் செய்ததாக நினைவில்லை, ஆனால் என் குறைகளை நான் அறிவேன், அதனால் பல தவறுகள் நடந்திருக்கும். நாற்பத்தைந்து வருஷம் நேர்மையோடு உழைத்ததை நினைத்து அவற்றை மறந்துவிடுங்கள், நானும் சீக்கிரம் போய்ச் சேரப்போகிறவன்தானே என்கிறார். பணிவான எழுத்து. அப்போது அவருக்கு 64 வயது.

ஆனால் இந்தப் பணிவு முதல் வரைவில் இல்லை. ஹாமில்டனுக்கு அவர் அனுப்பிய தாளில், பத்திரிகைகள் என்னை எப்படியெல்லாம் வசைபாடின, இருந்தும் நான் வாய்திறக்காமல் இருந்தேன் என்று ஒரு பகுதி இருந்தது. நல்ல வேளையாக அது வெட்டப்பட்டது. எட்டு வருஷக் கோபத்தையும் கொட்டிவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது, யாருக்குத்தான் தோன்றாது. பிரிட்டனோடு செய்துகொண்ட ஜே ஒப்பந்தத்துக்காக அவர் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. விடுதலைப் போர்க்காலத்தில் அவர் பக்கம் நின்று எழுதிய எழுத்தாளர் தாமஸ் பெயினே அவரைக் கிழித்து ஒரு திறந்த கடிதம் வெளியிட்டார்.

நாடே கண்ணீரோடு வழியனுப்பியதா?

கண்ணீர் விட்டவர்களும் உண்டு. பதவியேற்பு நாளில் அவையில் கண் கலங்காதவர்கள் குறைவு என்று அன்று புதிதாகப் பதவியேற்ற ஜான் ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். அதே வாரத்தில் பிலடெல்பியாவின் அரோரா பத்திரிகை, நம் நாட்டின் எல்லாத் துன்பத்துக்கும் காரணமான மனிதர் இன்று மற்றக் குடிமக்களுக்குச் சமமாக இறக்கப்பட்டார் என்று கொண்டாடியது. நடத்தியவர் பெஞ்சமின் பிராங்க்ளினின் பேரன்.

1797 மார்ச் 4 அன்று நடந்ததில் எனக்குப் பிடித்தது ஆடம்ஸ் தன் மனைவி அபிகேலுக்கு எழுதிய கடிதம். வாஷிங்டனின் முகம் மேகமில்லாத வானம் போல் இருந்ததாம். 'நான் வெளியே வந்துவிட்டேன், நீ உள்ளே மாட்டிக்கொண்டாய், யார் சந்தோஷமாக இருக்கிறோம் என்று பார்ப்போம்' என்று அவர் மனசுக்குள் சொன்னது எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது என்கிறார் ஆடம்ஸ். விழா முடிந்து கிளம்பும்போது, புதிய அதிபரும் துணை அதிபரான ஜெபர்சனும் முன்னால் போக வேண்டும், நான் பின்னால் வருகிறேன் என்று வாஷிங்டன் நின்றுகொண்டார்.

ஊருக்குப் போய் நிம்மதியாக இருந்தாரா?

முதலில் கிடைத்தது சுத்தியல் சத்தம். எட்டு வருஷம் சரியாகக் கவனிக்காத வீடு, தூண் தூணாகப் பழுது. 1797 ஏப்ரலில் போர்த்துறைச் செயலர் ஜேம்ஸ் மெக்ஹென்றிக்கு எழுதுகிறார்: வீடு முழுக்கத் தச்சர்கள், கொத்தனார்கள், பெயின்டர்கள்; நண்பர் ஒருவரைத் தங்கவைக்கவோ, ஏன், நானே உட்காரவோகூட ஓர் அறை கிடையாது; எந்தப் பக்கம் திரும்பினாலும் சுத்தியல் சங்கீதம், பெயின்ட் மணம்.

மே மாதம் அவருக்கே எழுதிய இன்னொரு கடிதம் இதைவிட அருமை. தன் ஒரு நாளை அப்படியே எழுதியிருக்கிறார். சூரியனோடு எழுந்திருக்கிறேன், வேலையாட்கள் இடத்தில் இல்லையென்றால், உடம்பு சரியில்லையா என்று வருத்தம் தெரிவித்து ஆள் அனுப்புகிறேன் (குத்தல் புரிகிறதா?). ஏழு மணிக்குச் சற்றுப் பின் காலை உணவு. பிறகு குதிரையேறிப் பண்ணைகளைச் சுற்றிவருகிறேன், திரும்பி வந்து உடை மாற்றினால் பகல் சாப்பாடு. மேசையில் அறிமுகமே இல்லாத முகங்கள் இல்லாத நாளே கிடையாது. எல்லாரும் என் மேல் உள்ள மரியாதையால் வந்ததாகச் சொல்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தோம் என்றால் பொருந்தாதா என்று கேட்கிறார். சாப்பாடு, நடை, தேநீர் என்று இருட்டிவிடும். விளக்கு ஏற்றியதும் உட்கார்ந்து கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும் என்று தீர்மானம், விளக்கு வந்ததும் களைப்பு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மறுநாளும் அதே கதை. வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லை என்று முடிக்கிறார்.

ஓய்வு பெற்றதும் படிக்கலாம் என்று புத்தகம் வாங்கிக் குவித்த எல்லாருக்கும் இந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம்.

ஜூலை கடைசியில் பழைய செயலர் டோபியஸ் லியருக்கு ஒரு வரி: யாரும் திடீரென்று வந்து நிற்காவிட்டால், நானும் மனைவியும் இருபது வருஷமாகச் செய்யாத ஒன்றை இன்று செய்யப்போகிறோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடப்போகிறோம்.

வருமானத்துக்கு என்ன செய்தார்?

நிலம் நிறைய, ரொக்கம் குறைவு. ஸ்காட்லாந்திலிருந்து வந்த பண்ணை மேலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் யோசனைப்படி விஸ்கி காய்ச்ச ஆரம்பித்தார். 1799-இல் ஏறக்குறைய 11,000 கேலன், அன்றைய அமெரிக்காவின் பெரிய சாராய ஆலைகளில் ஒன்று. அதிபராக இருந்தபோது, விஸ்கி வரிக்கு எதிராக நடந்த கலகத்தை அடக்கப் படையோடு போனவரும் இவரே. ஆலையில் வேலை பார்த்தவர்களில் அவர் அடிமைகளும் இருந்தார்கள்.

அடிமை முறையைப் பற்றி உரையில் ஏதாவது சொன்னாரா?

ஒரு வார்த்தை இல்லை. நாடு வடக்கு தெற்கு என்று உடையும் என்று பயந்தவர், எதனால் உடையும் என்பதைச் சொல்லவில்லை.

தேதிகளைப் பாருங்கள். ஹாமில்டனுக்கு வரைவை அனுப்பியது 1796 மே 15. மே 21 அன்று, வாஷிங்டன் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மார்த்தா வாஷிங்டனின் பணிப்பெண்ணாக இருந்த ஓனா ஜட்ஜ் பிலடெல்பியா வீட்டிலிருந்து நழுவிப் போனார். மார்த்தாவின் பேத்திக்குக் கல்யாணப் பரிசாகத் தன்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிடித்துத் தருபவருக்கு 10 டாலர் என்று விளம்பரம் வந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறார் என்று தெரிந்து திரும்பப் பிடிக்க வாஷிங்டன் முயன்றார், முடியவில்லை. 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனின் 65-ஆவது பிறந்தநாள். அன்று அவருடைய சமையல்காரர் ஹெர்குலிஸும் மவுண்ட் வெர்னனிலிருந்து ஓடிப்போனார். சுதந்திர அரசின் நல்ல சட்டங்களின் கீழ் ஓய்வை அனுபவிக்கப் போகிறேன் என்று உரையில் எழுதிய அதே காலம். அந்தச் சுதந்திரத்தை ஓனா ஜட்ஜும் ஹெர்குலிஸும் தாங்களே தேடிக்கொண்டார்கள்.

1799 ஜூலையில் எழுதிய உயிலில் தன் அடிமைகளை, மார்த்தா இறந்த பிறகு விடுதலை செய்யச் சொன்னார். பண்ணையில் அப்போது இருந்த 317 பேரில் அவருக்குச் சொந்தமானவர்கள் 123 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் மார்த்தாவின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்து, அவர்களை விடுவிக்க இவருக்கு உரிமை இல்லை. மார்த்தா தன் சாவுவரை காத்திருக்காமல் 1801 ஜனவரி 1 அன்றே அந்த 123 பேரை விடுவித்தார். உரையில் சொல்லாததை உயிலில் சொன்னார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது பாதிச் சமாதானம்தான். நாடே படிக்கப்போவது எது என்று அவருக்குத் தெரியும்.

மறுபடி பதவிக்கு வந்தாராமே?

அதிபராக இல்லை. 1798-இல் பிரான்சோடு போர் மூளும் போலிருந்தது. ஆடம்ஸ் இவரைக் கேட்காமலே தலைமைத் தளபதியாக நியமித்து, செனட்டும் ஒப்புதல் கொடுத்துவிட்டது. உண்மையில் போர் வந்தால்தான் களத்துக்கு வருவேன் என்ற நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டார், தனக்கு அடுத்த இடத்தில் ஹாமில்டன்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமும் பிடித்தார். போர் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான் பிறகு இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து 1792-இல் திப்புவைப் பணியவைத்தவர். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் சிலையாக நிற்கிறார். அவரும் ஓய்வு பெற்றுப் போனவர்தான். 1805-இல் மறுபடியும் அதே பதவிக்குக் கூப்பிட்டார்கள், அறுபது தாண்டிய வயதில் ஒத்துக்கொண்டு கப்பலேறினார், வந்திறங்கிய சில மாதத்தில் காசிப்பூரில் செத்தார். கல்லறை அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது முறை நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையா?

கேட்டார்கள். 1799-இல் கனெக்டிகட் கவர்னர் ஜோனதன் டிரம்புல், 1800 தேர்தலுக்கு நீங்கள் வந்தால்தான் முடியும் என்று எழுதினார். வாஷிங்டன் பதில்: அந்தக் கட்சி (ஜெபர்சனின் கட்சி) ஒரு விளக்குமாற்றை நிறுத்தி, இதுதான் சுதந்திரத்தின் உண்மைப் புதல்வன் என்று சொன்னாலும் அவர்கள் ஓட்டு முழுக்க அதற்கே விழும், நான் நின்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் ஓட்டுக்கூட வராது, புத்தி பேதலித்த கிழவன் என்று திட்டுதான் வரும்.

கட்சி வெறி கூடாது என்று எழுதி மூன்று வருஷம் முடியவில்லை, 'அந்தக் கட்சி' என்று எழுதுகிறார். பதவியை விட்டாரே தவிர கட்சிக் கோபத்தை விடவில்லை. உரையை மட்டும் படிப்பவர்களுக்கு இந்த வாஷிங்டன் கிடைக்க மாட்டார்.

எவ்வளவு காலம் ஓய்வில் இருந்தார்?

மூன்று வருஷம்கூட இல்லை. 1799 டிசம்பர் 12 அன்று பனியிலும் மழையிலும் பண்ணையைச் சுற்றி வந்து, ஈரத் துணியோடு சாப்பிட உட்கார்ந்தார். தொண்டை கட்டியது. அந்தக் கால வைத்தியப்படி திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். 14-ஆம் தேதி இரவு இறந்தார், வயது 67.

உரையை இன்றும் செனட்டில் வாசிக்கிறார்களா?

வாசிக்கிறார்கள். முதலில் வாசித்தது 1862 பிப்ரவரி 22, உள்நாட்டுப் போரின் நடுவில், அவர் எதற்குப் பயந்தாரோ அப்படியே நாடு உடைந்து கிடந்தபோது. பின்னாளில் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகிவிட்டது. ஒரு வருஷம் ஒரு கட்சிக்காரர், மறு வருஷம் மற்றக் கட்சிக்காரர். முக்கால் மணி நேரம் ஆகும். வாசித்து முடித்தவர் ஒரு குறிப்பேட்டில் கையெழுத்திட்டு ஏதாவது எழுதிவைக்க வேண்டும்.

முழுவதும் படிக்க வேண்டுமா?

முதல் ஏழெட்டுப் பத்தி, கட்சிகளைப் பற்றிய பகுதி, வெளிநாட்டுப் பாசம் பகை பற்றிய பகுதி, கடைசி நாலு பத்தி, இவை போதும். வாக்கியங்கள் மூச்சுமுட்டும் நீளம், பொறுமையாகப் போங்கள். கடிதங்கள் எல்லாமே அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. மெக்ஹென்றிக்கு 1797 மே 29 அன்று எழுதியதில் ஆரம்பியுங்கள், ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம்.